கோடிட்ட இடமும் கோணல் தராசும்

"கோடிட்ட இடத்தை நிரப்புக!" ஐந்தாம் வகுப்புச் சிறுவன் முதல், அரசுப் பணிக்கு விண்ணப்பித்துவிட்டு அஞ்சலை எதிர்நோக்கும் பட்டதாரி வரை அனைவரும் அறிந்த கட்டளை இது. ஒரு வாக்கியம், அதன் நடுவே ஒரு வெற்றிடம், கீழே நான்கு சொற்கள். பொருத்தமானதைத் தேர்ந்தெடு, மதிப்பெண் பெறு. இதில் என்ன அரசியல் இருக்கிறது என்று கேட்பாருண்டு. ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரைக்கு வேறு பொருளா அகப்படவில்லை என்று முகம் சுளிப்பாருமுண்டு.

சுளிக்கட்டும். ஆனால் தோழர்களே, கந்தர்வகோட்டையிலும் கறம்பக்குடியிலும் ஆலங்குடியிலும் இலுப்பூரிலும் உள்ள நம் இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். விடியுமுன் எழுந்து மைல் கணக்கில் ஓடி உடலை உரப்படுத்தி, எல்லைக் காவல் படைக்கும் மத்திய சேமக் காவல் படைக்கும் ஆயத்தமாகும் இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றனர். ஓட்டத்தில் அவர்கள் தோற்பதில்லை. மார்பளவில் தோற்பதில்லை. கணக்கிலும் பொது அறிவிலும்கூடத் தளர்வதில்லை. அவர்களை வழிமறித்து நிற்பது ஒரு சின்னஞ்சிறு கோடு! சொல் விடுபட்ட இடத்தில் போடப்பட்ட கோடு!

அந்தக் கோட்டை யார் போட்டார்? எந்த மொழியில் போட்டார்? எவருக்கு எளிதாகும்படி போட்டார்? இந்த மூன்று வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடம் நோக்கிப் பொருள் உணரும் கலை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். கோடிட்ட இடத்தை நிரப்பும் கலை நமக்குப் புதிதன்று. அறியாத சொல்லின் பொருளை அதன் முன்னும் பின்னும் நிற்கும் சொற்களைக் கொண்டு அறிவது, பயிற்சி நிலையத்தார் பல்லாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு கற்றுத்தரும் மாய வித்தையுமன்று. பல பொருள் குறித்த ஒரு சொல், எந்த இடத்தில் எந்தப் பொருளில் நிற்கிறது என்பதை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியலாம் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் இலக்கணம் வகுத்துவிட்டது.

'மா' என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். "மா காய்த்தது" என்றால் மரம். "மா கனைத்தது" என்றால் குதிரை. காட்டிக் கொடுத்தது வினை. "மாவும் பலாவும் வாழையும்" என்றால், உடன் நிற்கும் இனம் காட்டிக் கொடுக்கிறது. வயற்காட்டு வரப்பில் நின்று இருவர் "ஐந்து மா" என்று பேசிக்கொண்டால், அது நில அளவு என்று சார்பு காட்டிக் கொடுக்கிறது. வினை, இனம், சார்பு! இன்று ஆங்கிலப் பயிற்சி ஏடுகள் பக்கம் பக்கமாக விவரிக்கும் முறைகளின் சாரம் இந்த மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது.

"மழை பொய்த்ததால் நாற்று ______" என்று எழுதி, 'செழித்தது', 'கருகியது' என்று இரு சொற்களை வைத்தால், எழுத்தறியாத மூதாட்டியும் விடை சொல்வாள். 'ஆல்' என்னும் உருபு காரணத்தைச் சுட்டுகிறது. காரணம் தெரிந்தால் காரியம் தெரிகிறது. "அண்ணன் வாரி வழங்குபவன், தம்பியோ ______" என்றால், 'ஓ' என்ற ஒற்றை எழுத்து எதிர்மறையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது, கருமி என்னும் சொல் தானே வந்து அமர்கிறது. நம் மொழியில் ஓர் எழுத்துகூடக் கைகாட்டி மரமாக நின்று வழி சொல்லும்.

ஆங்கிலத்திலும் அத்தகைய கைகாட்டிகள் உள்ளன. 'பட்', 'ஆல்தோ', 'ஹவ்எவர்' வந்தால் கருத்து திரும்புகிறது. 'பிகாஸ்', 'தேர்ஃபோர்' வந்தால் காரண காரியம் பேசப்படுகிறது. 'தட் இஸ்' வந்தால் அடுத்து வருவது விளக்கம். இவற்றைக் கற்பது அரிதன்று. அரிது எது என்பதைத்தான் அடுத்துக் காண வேண்டும்.

எழுத்தை எடைபோட வந்த தராசு

இந்தத் தேர்வு முறையின் வரலாறு சுவையானது. 1897-இல் செருமானிய உளவியலறிஞர் எபிங்காஸ் என்பார், பிரெஸ்லாவ் நகரத்துப் பள்ளிச் சிறார்க்குச் சொற்களும் அசைகளும் விடுபட்ட பத்திகளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். நீண்ட நேரப் பாடம் பிள்ளைகளின் மூளையை எவ்வளவு களைப்புறச் செய்கிறது என்று அறிவதே அந்த ஆய்வின் நோக்கம். பிள்ளைகளை வடிகட்டி வெளியே தள்ள அன்று.

பின்னர் 1953-இல் அமெரிக்க நாட்டு வில்சன் டெய்லர் என்பார், ஒரு பத்தியில் குறித்த இடைவெளிக்கு ஒரு சொல்லாக நீக்கிவிட்டு, படிப்போரைக் கொண்டு நிரப்பச் செய்யும் முறையை வகுத்தார். 'குளோஸ்' சோதனை என்று இன்று தேர்வு ஏடுகள் கூறுவது அதன் வழி வந்ததுதான். அவர் எதற்காக வகுத்தார்? படிப்பவனின் அறிவை அளப்பதற்கா? அன்று, அன்று! எழுதப்பட்ட உரை மக்களுக்கு விளங்கும்படி இருக்கிறதா என்று அளப்பதற்காக! படிப்போர் வெற்றிடத்தை நிரப்ப இயலாமல் திகைத்தால், உரை கடினமானது, எழுதியவன் எளிமையாக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

உரையை நிறுக்க வந்த தராசில் இன்று மனிதனை ஏற்றி நிறுக்கின்றனர். தட்டுகள் இடம் மாறிவிட்டன. எழுதியவன் தப்பித்துக்கொண்டான்; படிப்பவன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான்.

ஒன்றை மறந்துவிடலாகாது. இடம் நோக்கிப் பொருள் உணர வேண்டுமானால், அந்த இடம் நமக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும். பனிச்சறுக்கு விளையாட்டைப் பற்றிய வாக்கியத்தில் ஒரு சொல்லை நீக்கிவிட்டு, மணமேல்குடிக் கடற்கரையில் வலை இழுப்பவர் மகனிடம் நிரப்பச் சொன்னால் அவன் என் செய்வான்? சறுக்கியவன் விழுந்தானா, வென்றானா என்பதை அவன் எதைக் கொண்டு ஊகிப்பான்? கண்மாய், கலிங்கு, மடை, குமிழி, ஊருணி ஆகிய சொற்களை வைத்து ஒரு பத்தி எழுதி, தில்லியில் வினாத்தாள் எழுதும் கனவான்களிடம் கொடுத்தால், எத்தனை கோடுகளை அவர்கள் நிரப்புவர்? ஒன்றிரண்டு தேறினால் அதிசயம். அதனால் அவர்களை அறிவிலிகள் என்று நாம் கூறமாட்டோம். பழக்கமில்லாத சூழல் என்றுதான் கூறுவோம். அந்தப் பெருந்தன்மையை அவர்கள் நமக்குக் காட்டுவதில்லை என்பதே வழக்கு.

நான்கில் ஒரு பங்கு யாருக்கு?

இனி, கோணல் எங்கிருக்கிறது என்பதை எண்ணிக்கை கொண்டே காட்டுவோம்.

2023-இல் மத்திய சேமக் காவல் படைக்கு 9,212 பேரை எடுக்க அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டில் நிரப்ப வேண்டிய இடங்கள் 579. தேர்வோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்! தமிழ்நாட்டிலேயே 12 மையங்களில் தேர்வு. தேர்வில் தமிழுக்கு இடமில்லை! முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் ஒன்றிய உள்துறை அமைச்சருக்குக் கண்டன மடல் எழுதினார். சில நாட்களிலேயே, மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளிலும் நடத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 2024 சனவரி முதல் நாளிலிருந்து நடைமுறை என்றனர். குரல் கொடுத்தோம், கதவு திறந்தது என்று மகிழ்ந்தோம். மகிழ்ந்ததில் தவறில்லை.

ஆனால் கதவு முழுமையாகத் திறந்ததா?

பணியாளர் தேர்வாணையம் நடத்தும் அந்தக் காவலர் தேர்வில் 80 வினாக்கள், 160 மதிப்பெண்கள், நான்கு பகுதிகள். அறிவுத்திறன் ஒன்று, பொது அறிவு ஒன்று, கணக்கு ஒன்று. இந்த மூன்றையும் தமிழில் எழுதலாம். நான்காம் பகுதி மொழித்திறன்: 20 வினாக்கள், 40 மதிப்பெண்கள். கோடிட்ட இடமும் சொற்பொருளும் வருவது இங்கேதான். இந்தப் பகுதிக்கு மொழி எது? ஆங்கிலம் அல்லது இந்தி, இரண்டில் ஒன்று! தமிழ் இல்லை, தெலுங்கு இல்லை, கன்னடம் இல்லை, வங்காளி இல்லை, மராத்தி இல்லை.

இதன் விளைவைச் சிந்தியுங்கள் தோழர்களே! பாட்னாவிலோ கான்பூரிலோ பிறந்த இளைஞன் நான்கு பகுதிகளையும் தாய்மொழியில் எழுதுகிறான். தன் பாட்டி சொன்ன கதையின் மொழியில், தன் தெருவில் புழங்கும் சொல்லை, கோடிட்ட இடத்தில் வைக்கிறான். விராலிமலை இளைஞன் மூன்று பகுதிகளைத் தாய்மொழியில் எழுதிவிட்டு, நான்காவதை அந்நிய மொழியில் எழுதுகிறான். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பும் உண்டு. ஆகவே ஐயமுற்றால் விடுகிறான், துணிந்தால் இழக்கிறான். ஒரு மதிப்பெண்ணிலும் அரை மதிப்பெண்ணிலும் வாழ்வும் தாழ்வும் முடிவாகும் போட்டியில், 160-க்கு 40 மதிப்பெண், அதாவது நான்கில் ஒரு பங்கு, ஒருவனுக்குத் தாய்ப்பால், மற்றவனுக்குத் தடைக்கல்! இதற்குப் பெயர் சமவாய்ப்பாம்! ஒருவன் காலில் மட்டும் கல்லைக் கட்டிவிட்டு, "இருவரும் ஒரே கோட்டிலிருந்துதானே புறப்பட்டீர்கள்?" என்று கேட்பது என்ன நீதி?

"ஆங்கிலம் எல்லோருக்கும் அந்நியம்தானே?" என்பர். ஆம், நான்காம் பகுதி எல்லோருக்கும் ஆங்கிலமாக இருந்தால் அந்த வாதம் நிற்கும். ஒருவனுக்கு மட்டும் தாய்மொழி என்ற மாற்று வழி இருக்கும்போது அந்த வாதம் விழுந்துவிடுகிறது.

"படையில் ஒரு பொதுமொழி வேண்டாமா?" என்பர். வேண்டுமென்றால் பணியில் சேர்ந்தபின் பயிற்சிக் காலத்தில் கற்பிக்கட்டும். துப்பாக்கி சுடத் தெரிந்தவனையா படைக்கு எடுக்கிறார்கள்? எடுத்தபின்தானே சுடக் கற்பிக்கிறார்கள்? துப்பாக்கிக்குப் பொருந்தும் நியாயம் மொழிக்கு ஏன் பொருந்தாது?

உயர்ந்தோர்க்கு ஒரு நீதி, உழைப்போர்க்கு ஒரு நீதி

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. இந்திய ஆட்சிப் பணிக்கு, மாவட்டங்களை ஆளப்போகும் அதிகாரிகளுக்கு நடக்கும் முதன்மைத் தேர்வில், ஆங்கிலத் தாள் வெறும் தகுதித் தாள். நூற்றுக்கு இருபத்தைந்து எடுத்தால் போதும். தரவரிசையில் அது சேராது. இந்திய மொழித் தாளும் அவ்வாறே. 2013-இல் ஆங்கில மதிப்பெண்ணைத் தரவரிசையில் சேர்க்க முனைந்தபோது எதிர்ப்பு எழுந்தது, கைவிட்டனர். 2011-இல் முதல்நிலைத் தேர்வில் புகுத்தப்பட்ட ஆங்கிலப் பத்தி வினாக்களை எதிர்த்து 2014-இல் தில்லித் தெருக்களில் இந்தி வழி பயின்ற மாணவர் திரண்டனர். என்ன ஆயிற்று? அந்த வினாக்களின் மதிப்பெண் கணக்கில் சேராது என்று அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அரசு அறிவித்தது. மறு ஆண்டு அந்தத் தாளே தகுதித் தாளாக மாற்றப்பட்டது.

அம்மாணவர் கேட்டது நியாயமே. அவர்களை நாம் குறை கூறவில்லை. "அயல்மொழிக் கோட்டை நிரப்பத் தெரியாததால் நாங்கள் திறமையற்றவர்கள் ஆகிவிடுவோமா?" என்பதே அவர்தம் கேள்வி. அந்தக் கேள்வி இந்தியில் எழுந்தால் கோட்டை வாயில் திறக்கிறது. தமிழில் எழுந்தால் "பிரிவினை பேசுகிறான்" என்று பட்டம் சூட்டப்படுகிறது. மாவட்ட ஆட்சியர் ஆகப்போகிறவருக்கு ஆங்கிலத் தேர்ச்சி தரவரிசைக்கு வேண்டாம். எல்லையில் பனியிலும் வெயிலிலும் நிற்கப்போகும் காவலருக்கு மட்டும் வேண்டுமாம்! இந்த நீதியை எந்த ஏட்டிலிருந்து எடுத்தனர்?

நாடாளுமன்றம் ஏற்று, 1968 சனவரியில் வெளியிடப்பட்ட ஆட்சிமொழித் தீர்மானத்தில்தான் இதன் வேர் இருக்கிறது. ஒன்றிய அரசுப் பணிக்குத் தெரிவு செய்யும்போது இந்தி அல்லது ஆங்கிலம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும் என்றது அது. உயர்பணித் தேர்வுகளில் எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்தையும் மாற்று மொழிகளாக ஏற்கலாம் என்றும் சொன்னது. அதே திங்களில், பேரறிஞர் அண்ணா தலைமையில் அமைந்த ஆட்சி, தமிழும் ஆங்கிலமுமே நம் பள்ளிகளின் மொழிகள் என்ற இருமொழித் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. அன்று தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை. அந்த வழக்கின் ஒரு சிறு தாள்தான் இந்தக் கோடிட்ட இடம்.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்க நாட்டின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் வாக்குரிமை பெறவொட்டாமல் தடுக்க எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரில் வலை விரித்தனர். எவருக்கு எளிய பகுதி, எவருக்குக் கடிய பகுதி என்பதை மேசைக்குப் பின்னால் அமர்ந்த எழுத்தர் முடிவு செய்தார். 1965 ஆகஸ்டில் வந்த வாக்குரிமைச் சட்டம்தான் அங்கு அந்தத் தேர்வுகளை நிறுத்தியது. தேர்வு என்பது வாயிலாகவும் அமையலாம், தாழ்ப்பாளாகவும் அமையலாம். யார் கையில் சாவி இருக்கிறது என்பதே கேள்வி.

அதே 1965-ஆம் ஆண்டு, சனவரி 26 முதல் இந்தியே ஆட்சிமொழி என்றபோது தமிழகம் கொதித்தது. மாணவர் ஏன் தெருவுக்கு வந்தனர்? மத்திய அரசுப் பணித் தேர்வின் மொழி எது என்பதுதான் அவர்தம் நெஞ்சைச் சுட்ட முதற் கேள்வி. அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில் கீரனூர் முத்துவும் விராலிமலை சண்முகமும் நஞ்சுண்டு உயிர் துறந்தனர். இருவரும் இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்து மண்ணின் மைந்தர்கள். அந்த உயிர்கள் போயிருக்கலாகாது. போகும்வரை வாளா இருந்த ஆட்சியின் கறை அது. அவர்கள் நீத்த உயிருக்கு நாம் செலுத்தும் நன்றி, இன்னோர் உயிரும் போகாமல், அவர்கள் கேட்ட நீதியை வாதாடிப் பெறுவதே ஆகும்.

பட்டாவிலிருந்து தொடங்கிய பாடம்

சூழல் தெரிந்தால் சொல் தானே வரும் என்பதற்குப் புதுக்கோட்டையே சான்று. 1991-92-இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். கல்லுடைக்கும் பெண்களும் நடவு நடும் பெண்களும் மாலை வேளையில் விளக்கடியில் அமர்ந்தனர். பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். கல்குவாரிக் குத்தகையை மகளிர் குழுக்கள் எடுத்து நடத்தின. அவர்கள் கையில் கொடுத்த பாட ஏடு எதில் தொடங்கியது? அணிலிலும் ஆட்டிலும் அன்று, 'பட்டா'வில் தொடங்கியது! நிலமற்றவளின் நெஞ்சில் நெடுநாள் கனவாக இருந்த சொல்லைக் கொடுத்தபோது, எழுத்து அவள் கைக்குள் வந்தது.

பிரேசில் நாட்டு பாவ்லோ பிரெய்ரே காட்டிய வழி இது. கட்டடத் தொழிலாளிக்குச் 'செங்கல்' என்ற சொல்லிலிருந்து எழுத்தைக் கற்பித்தவர் அவர். எழுத்தறியாதோர்க்கு அன்று அந்நாட்டில் வாக்குரிமை இல்லை. எனவே, ஏழை எழுத்தறிவு பெறுவது ஆதிக்கக்காரர்க்குப் பொறுக்கவில்லை. 1964-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆசிரியர் பிரெய்ரே சிறையிலடைக்கப்பட்டார். பின் நாடு கடந்தார். சொல்லைக் கற்பிப்பது அரசியல் அன்று என்பாருக்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ?

நாம் செய்ய வேண்டியது

ஆகவே நம் கோரிக்கை இரண்டே. மொழித்திறன் பகுதியையும் 13 மொழிகளில் எழுத விடுக. அன்றேல், ஆட்சிப் பணித் தேர்வில் உள்ளதுபோல் அதைத் தகுதிப் பகுதியாக மட்டும் ஆக்குக. இரண்டும் புதுமையன்று, இரண்டாவதற்கு முன்மாதிரியை ஒன்றிய அரசே வைத்திருக்கிறது.

ஆனால் கோரிக்கை நிறைவேறும்வரை நம் பிள்ளைகள் கைகட்டி நிற்க வேண்டுமா? வேண்டா. நம் வீட்டு முற்றத்தையும் சற்றுக் கூட்டுவோம். பாடநூலின் வரியை அப்படியே எடுத்து, ஒரு சொல்லை நீக்கி, மனப்பாடம் செய்தவனுக்கு மதிப்பெண் தரும் வழக்கம் நம் பள்ளிகளில் நெடுங்காலம் வேரூன்றிவிட்டது. அங்கே கோடிட்ட இடம் நினைவைத்தான் சோதிக்கிறது, சிந்தனையை அன்று. அந்தப் பிள்ளை முன்பின் காணாத வாக்கியத்தின் எதிரே நிற்கும்போது தடுமாறுவது இயல்பே. ஆயிரம் ஆங்கிலச் சொற்களைப் பட்டியலாக உருப்போடச் செய்யும் பயிற்சிக் கடைகளும் இதே பிழையைத்தான் விலைக்கு விற்கின்றன.

கழகப் படிப்பகங்கள் ஊர்தோறும் இருந்த காலத்தில், ஒருவர் நாளேட்டை உரக்கப் படிக்க, பத்துப் பேர் சூழ அமர்ந்து கேட்டனர். அரிய சொல் வந்தால், முன்பின் வரிகளைக் கொண்டு பொருளை ஊகித்து, வாதிட்டு முடிவு செய்தனர். சொற்பொழிவாளர் பலர் உருவானது அந்தத் திண்ணைகளில்தான். அதனை மீண்டும் தொடங்குவோம். ஒன்றியந்தோறும் ஓர் இடம். மாலையில் ஒரு மணி நேரம். ஆசிரியத் தோழர் ஒருவர். ஒரு தமிழ் நாளேடு, ஓர் ஆங்கில நாளேடு, ஓர் அகராதி. இவை போதும்.

முறை எளிது. விடைச் சொற்கள் நான்கையும் கையால் மறைத்துக்கொள்க. வாக்கியத்தை முழுவதும் படிக்க. திருப்பும் சொல் உண்டா, காரணச் சொல் உண்டா, விளக்கச் சொல் உண்டா என்று தேடுக. கோட்டில் என்ன வர வேண்டும் என்பதை முதலில் தமிழில் சொல்லிப் பார்க்க. அதன்பின் கையை எடுத்து, சொன்ன பொருளுக்கு நெருங்கிய சொல்லைத் தேர்க. தேர்ந்ததை வைத்து வாக்கியத்தை மீண்டும் ஒருமுறை படிக்க. பத்தி வினாவாயின் முதலில் பத்தி முழுவதையும் படித்து முடிக்க. இரண்டாம் கோட்டிற்கான குறிப்பு ஏழாம் வரியில் ஒளிந்திருக்கலாம். நான்கில் இரண்டையாவது தள்ள இயலாவிட்டால் அந்த வினாவை விட்டுச் செல்க. அகராதியை இறுதியில் திறக்க. முதலில் திறந்தால் மூளை உறங்கிவிடும்.

கோணல் தராசிலும் நம் பிள்ளை எடை நிற்க வேண்டும். அதே வேளை தராசின் கோணலையும் நிமிர்த்த வேண்டும். முதல் வேலை படிப்பகத்தில். இரண்டாம் வேலை மக்கள் மன்றத்தில். ஒன்றைச் செய்து மற்றதை மறந்தால் பயனில்லை. படித்து முன்னேறுவதே போதும், உரிமை எதற்கு என்பவன் பத்துப் பேரைக் கரையேற்றிப் பத்தாயிரம் பேரைக் கைவிடுகிறான். உரிமை வரட்டும், படிப்பு பின்னர் என்பவன் இன்று தேர்வெழுதும் இளைஞனைக் கைவிடுகிறான்.

சித்தன்னவாசல் குகையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் எழுத்தைப் பொறித்த மண் இது. சிதைந்த கல்வெட்டில் விடுபட்ட எழுத்தை, எஞ்சிய எழுத்துகளைக் கொண்டு அறிஞர் மீட்டெடுப்பதையும் கண்ட மண் இது. விடுபட்டதை நிரப்ப நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இந்தியக் கூட்டாட்சி என்னும் வாக்கியத்தில் விடுபட்டுக் கிடக்கும் சொல் 'சமத்துவம்'. அதனை நிரப்பும்வரை நம் எழுதுகோல் ஓயாது!